வாசலில் நின்ற காம்போதி

1. ஐந்து பேருக்கும் ஒரே கற்பனை

தேர்வாளராக நான் உட்கார்ந்த முதல் நாளே வம்பில் முடிந்தது. ராஜபாளையத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் இசைப்பள்ளி அது. வாய்ப்பாட்டு ஆசிரியையாகச் சேர்ந்த என் தலையில் மனோதர்மத் தேர்வுக்கு மதிப்பெண் போடும் வேலையையும் கட்டிவிட்டார்கள். சங்கீதப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கீர்த்தனை என்பது யாரோ இயற்றி வைத்தது. அதை நெட்டுருப் போட்டுப் பாடலாம், தப்பில்லை. மனோதர்மம் என்பது பாடுகிறவர் மனதில் அந்த நிமிடத்தில் தோன்றுவது. ராகத்தை விரித்துக்கொண்டு போகிற ஆலாபனையும், ஸ்வரங்களை அப்போதைக்கப்போது கோத்துப் பாடுகிற கற்பனாஸ்வரமும் அந்தக் கணக்கில் வரும்.

முதலில் வந்த பெண் கல்யாணி ராகத்தில் கற்பனாஸ்வரம் பாடினாள். மனசு குளிர்ந்து போய்த் தாராளமாக மதிப்பெண் போட்டேன். இரண்டாவது பெண் வந்தாள். அதே கல்யாணி, அதே ஸ்வரங்கள். மூன்றாவது பெண் வாயைத் திறந்ததும் நானும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தேன். கடைசி வரை ஓர் எழுத்துப் பிசகவில்லை. அந்தப் பெண் மிரண்டுபோய், “ஒங்களுக்கும் எங்க டீச்சர்தான் சொல்லிக் குடுத்தாவளா?” என்று கேட்டாள்.

மீதி இருந்த இரண்டு பேரும் அதையேதான் பாடினார்கள். அவர்களுடைய டீச்சர் என்னைவிடப் பெரியவர். நான் மதிப்பெண்ணைக் குறைத்ததும் சண்டைக்கு வந்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஸ்ருதி சேரவில்லையா, தாளம் தப்பியதா, ராகத்தில் அந்நிய ஸ்வரம் வந்ததா என்று அடுக்கினார். எதுவும் இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்தாலும் ஐந்து பேருக்கும் ராத்திரி ஒரே கனவா வரும் என்று கேட்டேன். அந்தப் பருவம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

2. இன்னொரு தடவை

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. யார் எவ்வளவு நன்றாகப் பாடினாலும், முடித்த கையோடு, “அதே ராகம், இன்னொரு தடவை” என்பேன். நெட்டுருப் போட்டது என்றால் அப்படியே திரும்பி வரும். மனசிலிருந்து வந்தது என்றால் வேறு வழியாகத்தான் வரும். இதனால் எனக்குப் பள்ளியில் ‘இன்னொரு தடவை டீச்சர்’ என்று பட்டப்பெயர். பிள்ளைகள் மட்டுமில்லை, வாட்ச்மேன் கூட அப்படித்தான் சொல்வாராம்.

தப்பு விழுகிற இடத்தையும் கவனிப்பேன். தாளத்தில் அரை எண்ணிக்கை தள்ளி வந்து நின்றுவிட்டால் ஒருவர் நாக்கைக் கடிப்பார், ஒருவர் மிருதங்கக்காரரை முறைப்பார். விஷயம் தெரிந்தவர் அடுத்த சுற்றிலும் வேண்டுமென்றே அதே அரை எண்ணிக்கை தள்ளி வந்து நிற்பார். அதன் பிறகு அதைத் தப்பு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அப்படிப்பட்டவர்களுக்கு நான் கேள்வி கேட்காமல் மதிப்பெண் போட்டுவிடுவேன். இளைய தேர்வாளர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த வித்தைகள் எல்லாம் சேர்ந்தும் ஒருமுறை எனக்குப் போதவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

3. ஏசி ஹாலில் கோதை

எங்கள் பள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் நாதஸ்வர வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. ஆசிரியர் இடம் ஒன்றே ஒன்று. தேர்ந்தெடுக்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டிருந்தார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நூல் மில் நிர்வாகத்தில் இருந்தவர். நல்ல காது உண்டு. ஆனால் எதையும் ஒழுங்காக, ஓர் இடத்தில் உட்காரவைத்து, ஏசி போட்டுச் செய்தால்தான் அவருக்குத் திருப்தி.

வந்தவர்களில் கடைசியாக இரண்டு பேர் தேறினார்கள். ஒருவர் டிப்ளமோ முடித்த வெளியூர்க்காரர். இன்னொருவர் வத்திராயிருப்பு கோதை. முப்பது வயது தாண்டிய, உயரமான, குரல் ஓங்கிய பெண். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் கோதை நாயனம் என்றால் தெரியாதவர் இல்லை. கணவர் மாடசாமி தவில். அவர் வாயால் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

இந்த வேலை எதற்கு என்று செயலாளர் கேட்டபோது கோதை சுற்றி வளைக்கவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அந்த மாதங்களில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போகிறாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்குகிறது. தறிக்குப் போய் வந்த பிறகு நாயனத்தில் பழைய மூச்சைப் பிடிக்க வரவர நாளாகிறது. “நாயனக்காரிக்கு மூச்ச விட்டா வேற என்ன சார் இருக்கு? இந்த வேல கெடச்சா தறிக்குப் போ வேண்டாம்” என்றாள்.

காம்போதி வாசிக்கச் சொன்னோம். ராகத்தின் ஒரு சிறு துண்டைப் பிடி என்போம். முதல் பிடியிலேயே நாதம் ஹாலை நிறைத்தது. இரண்டு பிடி, மூன்று பிடி. அத்தோடு நின்றுவிட்டாள். வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் துடைத்தாள், மறுபடி வைத்தாள். வேறு ஒன்றும் வரவில்லை. வழக்கம்போல இன்னொரு தடவை என்றேன். வேறு பக்கமாக ஆரம்பித்து, வேறு ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். ஏசி ஹாலில் அவளுக்கு வேர்த்தது. எனக்கே பாவமாக இருந்தது.

வெளியூர்க்காரர் காம்போதியை மூலை முடுக்கு விடாமல் வாசித்தார். இன்னொரு தடவை என்றேன். அதே காம்போதி, அதே மூலை, அதே முடுக்கு. செயலாளர் என் பக்கம் குனிந்து, “பாகுந்தி டீச்சர், ரெண்டு தடவையும் அச்சு மாறாம வருது பாருங்க” என்று பூரித்தார். நான் மதிப்பெண்ணைக் குறைத்த அதே காரணத்துக்காக அவர் கூட்டிப் போட்டிருந்தார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாடம் நடத்துகிறவருக்கு நிதானம் வேண்டும், பிள்ளைகள் முன்னால் பாதியில் நிற்கக் கூடாது. நானும் வாதாடினேன். கோதை இரண்டு தடவை நின்றாள், ஆனால் இரண்டு வேறு இடத்தில் நின்றாள். நெட்டுருப் போட்டவள் மறந்த இடத்திலேயேதான் மறுபடியும் மறப்பாள். இந்தப் பெண்ணுக்கு வழி தெரியாமல் இல்லை, ஏதோ மறிக்கிறது. செயலாளர் சிரித்தார். நின்றதற்கு மதிப்பெண் கேட்கிற தேர்வாளரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

எழுந்து வாசலுக்குப் போய் அவளிடமே கேட்டேன். கோதை நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“யாருக்கு வாசிக்கேன்னே தெரியல டீச்சர். நீங்க ரெண்டு பேரும் கண்ணக் கொட்டாம என்னையவே பாத்துக்கிட்டு இருந்தீய. கல்யாண வீட்டுல ஒருத்தரும் என்னையப் பாக்க மாட்டாவ. நாந்தான் அவியளப் பாத்து வாசிப்பேன்.”

உள்ளே திரும்பிப் போய்ச் செயலாளரிடம் அவசரப்பட வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை உத்தரவு அனுப்பியே ஆக வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோதைக்கு ஒரு கல்யாண வாசிப்பு இருப்பதைப் பேச்சோடு பேச்சாக மாடசாமியிடம் கேட்டு வைத்திருந்தேன். எனக்கு ஒரு கல்யாணச் சாப்பாடு வாங்கித் தாருங்கள், அதன் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் உத்தரவு அனுப்புங்கள் என்றேன். அழைப்பு இல்லாமல் கல்யாணத்துக்குப் போவதா என்று அவர் பதறிப் போனார்.

4. இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர்கள்

பதறினாலும் வந்துவிட்டார், பட்டு வேட்டியில். அவர் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது நான் மண்டபத்துக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே கோதை மோகனம் வாசித்துக்கொண்டிருந்தாள். தொட்டில் பிள்ளை ஒன்று வீல் என்று அழுதது. அது அழுகிற உயரத்துக்கு நாயனம் போய், அங்கேயே செத்த நேரம் சுற்றி, மெல்ல இறங்கியது. பிள்ளையும் கூடவே இறங்கிவிட்டது. எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும் போல இருந்தது. செயலாளர் வருவதற்குள் அது முடிந்து போனது, அவர் கேட்கவில்லை.

வாசலில் சந்தனமும் கல்கண்டும் நீட்டிய பெண் நாங்கள் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்டாள். நான் முழிப்பதற்குள் செயலாளர், “ரெண்டு வீட்டுக்கும் வேண்டியவங்கம்மா” என்றார். வாழ்நாளில் பொய் சொல்லியிராத மனிதர். அவருடைய தங்க ஃபிரேம் கண்ணாடியைப் பார்த்து யாரோ எங்களை மரியாதையாக அழைத்துப்போய் முன்வரிசையில், மேளத்துக்கு நேர் எதிரே உட்காரவைத்தார்கள். நான் கடைசி வரிசைக்கு ஆசைப்பட்டேன். நடக்கவில்லை.

கோதை எங்களைப் பார்த்துவிட்டாள். கை ஒரு கணம் நின்றது. மாடசாமியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, எங்களுக்காகவே, காம்போதியை எடுத்தாள். ஹாலில் வாசித்த அதே விறைப்பு. யாரிடமோ கேட்டு அவசரமாகப் பாடம் பண்ணிய பிடிகள் என்பது தெரிந்தது. பிள்ளை அழுதது, பெரியவர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. எங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

நாங்கள் வந்திருக்கவே கூடாது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இதற்குத்தானா டீச்சர் என்று மெதுவாகக் கேட்டார்.

5. தாய்மாமன்

அந்த நேரத்தில் வாசலில் சலசலப்பு. பெண்ணின் தாய்மாமன் தேவதானத்திலிருந்து சீர் கொண்டு வந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் வந்தால் மேளம் வாசலுக்குப் போய் எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும். அது அவருக்கு உள்ள மரியாதை. பெண் வீட்டார் எல்லாரும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்ததில் மேளக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. மினி வேனிலிருந்து தட்டுகள் இறங்கி, சொந்தக்காரர்கள் அவற்றைக் கையில் ஏந்தி, வாழைமரத்தடியில் வரிசையாக நிற்கிறார்கள். எதிர்கொள்ள ஆள் இல்லை.

மாமன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று விவசாயம் பார்க்கிறவர். வாசலில் அட்டென்ஷனில் நின்றுவிட்டார். பெண்ணின் அம்மா ஓடி வந்து, “யண்ணே, தெரியாம நடந்துபோச்சு, உள்ள வாங்க” என்று கையைப் பிடித்தாள். உள்ளே ஐயர் முகூர்த்தம் முடியப் போகிறது என்று குரல் கொடுத்தார். மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் அந்தக் குடும்பத்தில் தாலி ஏறாது. பெண்ணின் அப்பா மேளத்திடம் ஓடி வந்து வாசலைக் காட்டினார்.

கோதை நாயனத்தை வாயிலிருந்து எடுக்காமலே எழுந்தாள். அப்போதுதான் அவள் கண் எங்களை விட்டது.

நானும் செயலாளரும் பின்னாலேயே ஓடினோம். மேடையில் ஸ்பீக்கரில் ஓடிய ஸ்ருதிப் பெட்டி பின்தங்கிவிட்டது. வாசலில் அவளுக்கு ஸ்ருதி அவள்தான். மேளத்தைப் பார்த்ததும் மாமனுக்கு ஆத்திரம் கூடிவிட்டது. சொன்ன பிறகு வருகிற மரியாதை தனக்கு வேண்டாம் என்று வேன் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தங்கை அழுதாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்:

“வரமாட்டேன்னா வரமாட்டேன்தான்.”

கோதை மாடசாமிக்குக் கையைக் காட்டித் தவிலை நிறுத்தினாள். அவர் சொன்னதை அப்படியே நாயனத்தில் திருப்பிச் சொன்னாள். பஞ்சமத்தில் தொடங்கித் தைவதத்தைத் தொட்டு, மத்தியமம் வழியாக இறங்கி, காந்தாரத்தில் நச்சென்று நின்றது. அவர் குரலின் ஏற்றமும் இறக்கமும் முறுக்கும் மாறவில்லை. சுத்தமான காம்போதி.

தட்டு ஏந்தி நின்ற கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமன் பாதி திரும்பி, யார் சிரித்தது என்று அதட்டினார். அந்த அதட்டலும் நாயனத்தில் திரும்பி வந்தது, இன்னும் ஒரு படி மேலே. பிறகு அவள் ஒரு சின்னப் பிடியை மெதுவாக வாசித்து, கேள்வி கேட்ட மாதிரி நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். பதில் வரவில்லை. அதையே கொஞ்சம் குழைத்து இன்னொரு தடவை கேட்டாள். இந்த முறை ‘இன்னொரு தடவை’ என்று நான் சொல்லவில்லை. தட்டு வரிசையிலிருந்து ஒரு அத்தை, “ஏலே, பிள்ள எம்புட்டு நேரமாக் கேக்கா, பதில் சொல்லுலே” என்றாள். மாமன் மீசையைத் தடவினார். தடவிய கை சிரிப்பை மறைக்கப் பார்த்தது, முடியவில்லை. வாசல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

அவர் திரும்பி ஒரு காலை முன்னால் வைத்தார். பட்டாளத்துக் கால் அல்லவா, சும்மா நடக்கத் தெரியவில்லை, விறைத்துக்கொண்டு வந்தது. கோதை அதைப் பார்த்தாள். அடுத்த காலடிக்குள் காம்போதி மார்ச்சுக்கு ஏற்ற இரட்டை நடைக்கு மாறிவிட்டது. மாடசாமி லெஃப்டுக்கு ஓர் அடி, ரைட்டுக்கு ஓர் அடி என்று தவிலில் போட்டார். மாமன் அதைக் கண்டுகொண்டார். நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, அணிவகுப்பு மாதிரியே நடந்தார். பின்னால் வந்தவர்களும் தட்டும் கையுமாக அதே நடையில் வந்தார்கள். யாரோ செயலாளரைச் சொந்தக்காரர் என்று நினைத்து ஒரு வாழைப்பழத் தட்டைக் கையில் திணித்துவிட்டார்கள். அவரும் லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டு வந்தார்.

மண்டபப் படியில் ஆரத்தி எடுக்க வேண்டும். தட்டை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்போது சத்தம் நின்றால் மாமன் மறுபடி முறுக்கிக்கொள்வார். கோதை மேல் ஷட்ஜத்தைப் பிடித்து நின்றாள். ஒரே மூச்சு. தவிலும் அடங்கிவிட்டது. கழுத்து நரம்பு புடைக்கிறது, நாதம் ஆடவில்லை. ஆரத்தி வந்து, சுற்றி, பொட்டு வைத்த பிறகுதான் இறங்கினாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மூச்சையா பஞ்சுத் தூசிக்குக் கொடுப்பது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது.

6. பந்தியில்

செயலாளர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பாயசம் வந்தபோது, வாழைப்பழத் தட்டைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மணப்பெண்ணிடமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, “இதுக்கு எப்படி டீச்சர் மார்க் போடுறது?” என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

மேளக்காரர்கள் சாப்பிட வந்தார்கள். கோதை நேரே எங்கள் இலைக்கு எதிரே வந்து நின்றாள். முகம் சரியில்லை.

“சொல்லாமக் கொள்ளாம வந்து பரீட்ச வச்சிட்டீயளே டீச்சர். மறுபடி கூப்பிட்டா வாசிக்கணும்னு நேத்துப் பூரா ஒக்காந்து காம்போதியப் பாடம் பண்ணி வச்சிருந்தேன். முழுசா வாசிச்சிருப்பேன். அந்த மாமன் வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டாரு.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் நிஜமாகத்தான் சொல்கிறாள். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்த விறைப்பான காம்போதிதான் அவளுக்குப் பரீட்சை. அது பாதியில் நின்றுபோனது, வேலையும் அதோடு போயிற்று. வாசலில் செய்ததெல்லாம் கல்யாண வேலை. அவள் செயலாளரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“இன்னும் ஒரேயொரு நாள் குடுங்க சார். ஹாலுக்கே வாரேன். நிக்காம வாசிச்சுக் காமிக்கேன்.”

செயலாளர் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றார். அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“ஹாலுக்கு வர வேண்டாம்மா. நேரா வகுப்புக்கு வந்துருங்க. நாளைக்கு உத்தரவு அனுப்புறேன். பிள்ளைகளுக்கு அந்த வாசல்ல வாசிச்சதச் சொல்லிக் குடுங்க.”

கோதை புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று பார்க்க நான் குனிந்தேன். இரண்டும்தான்.

மாடசாமி அதுவரை வாயே திறக்கவில்லை. அப்போதும் திறக்கவில்லை. சுவரில் சாத்தியிருந்த தவிலை எடுத்துத் தோளில் மாட்டினார். சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நின்று கெட்டிமேளம் கொட்டினார்.

கெட்டிமேளம் கேட்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. பந்தி முழுக்க எழுந்துவிட்டது. இன்னொரு தாலி எங்கே ஏறுகிறது என்று எட்டிப் பார்த்தார்கள். மேலே மண்டபத்திலிருந்து சிலர் மீந்த அட்சதையோடு ஓடி வந்தார்கள். யார் மேல் போடுவது என்று தெரியாமல், நடுவில் இருந்த எங்கள் மேலும் போட்டார்கள். செயலாளரின் பாயசத்தில் மஞ்சள் அரிசி மிதந்தது. தாய்மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, விஷயம் என்ன என்று கேட்டு, தெரிந்ததும் கோதைக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

மதிப்பெண் போடப் போகும் இளையவர்களுக்கு நான் சொல்ல இவ்வளவுதான் உண்டு. வாசிக்கிறவரை உங்கள் முன்னால் உட்காரவைத்துக் கற்பனையைக் காட்டு என்று கேட்காதீர்கள். அவருக்கு எதிரே பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும், அது கோபித்துக்கொண்ட மாமனாக இருந்தாலும் சரி. நீங்கள் ஓரமாக நின்று கேளுங்கள், முடிந்தால் ஒரு வாழைப்பழத் தட்டையும் தூக்குங்கள்.